0.01-க்குக் கீழே: மெய்நிகர் உலகில் மெல்லிய பொருள்களைக் கட்டுவது எப்படி?

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் ஒரு படிப்பறை கட்டுகிறீர்கள். மேசைமேல் ஒரு கடிதம், சுவரில் ஓவியம், விளக்கு தொங்க ஒரு ஒயர், ஜன்னலுக்குத் திரை, நடுவில் வாசல் வைத்த மெல்லிய தடுப்புச் சுவர். அளவுப் பெட்டியோ 0.01-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. கடிதம் பலகைத் துண்டு மாதிரி தெரிகிறது. ஓவியத்தைச் சுவரோடு ஒட்டினால் கோடு கோடாக மின்னுகிறது. இன்னும் மெல்லியதாகச் செய்ய வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு, ஒன்றுக்கு நாலாக உண்டு. அவற்றில் எதை எடுப்பது என்று முடிவு செய்யும் முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பொருளின் விளிம்பை யாராவது பார்க்கப்போகிறார்களா? தடிமன் கண்ணில் படுவது விளிம்பில் மட்டும்தான். விளிம்பு மறைந்திருந்தால் 1 சென்டிமீட்டர் பெட்டியும் காகிதம்தான். விளிம்பு தெரிந்தால் மட்டுமே கீழே சொல்லும் வித்தைகளுக்கு வேலை. புதிதாகக் கட்ட வருபவர்கள் எல்லாவற்றையும் மெலிதாக்கிவிட்டு, பிறகு மின்னுகிறது, மறைகிறது, காலில் தட்டுகிறது என்று அலைவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் அந்த 0.01 என்ன என்று பார்ப்போம். அது மீட்டர் கணக்கு, அதாவது 1 செ.மீ. லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் செகண்ட் லைஃபைத் திறந்த காலத்திலிருந்து ப்ரிம்முக்கு, அதாவது இங்கே எதையும் கட்ட எடுக்கும் அடிப்படை வடிவத்துக்கு, கீழ்வரம்பு இதுதான். மேல்வரம்பு வெகுகாலம் 10 மீட்டராக இருந்து பிறகு 64 ஆனது, கீழ்வரம்பு அசையவில்லை. இதே மாதிரி உலகங்களை யாரும் நடத்த உதவும் ஓபன்சிம்முலேட்டர் மென்பொருளில் இந்த வரம்பை உலகத்தை நடத்துபவரே அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ளலாம். அங்கே 0.001 வரை போக முடிகிற இடங்களில் நீங்கள் நேரடியாக 1 மி.மீ. தாள் செய்துவிடலாம். செகண்ட் லைஃபில் அது நடக்காது. ஆனால் இந்த வரம்பு ப்ரிம்மின் முழு உருவத்துக்குத்தான். அந்த உருவத்தில் எவ்வளவை வெட்டி எறிகிறீர்கள் என்பதற்குத் தனிக் கணக்கு. வித்தை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

கடிதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பெட்டி ப்ரிம் எடுங்கள். எக்ஸ் 0.21, ஒய் 0.3, இசட் 0.01 என்று வையுங்கள். இப்போது எடிட் சாளரத்தின் ஆப்ஜெக்ட் பகுதியில் ஸ்லைஸ் என்ற அமைப்பைத் தேடுங்கள். தொடக்கம், முடிவு என்று இரண்டு எண்கள் இருக்கும், 0 முதல் 1 வரை. பெட்டியை இசட் திசையில், ரொட்டியை வில்லை போடுவது போல, எங்கிருந்து எங்கே வரை வைத்துக்கொள்வது என்று அது கேட்கிறது. இரண்டு எண்களுக்கும் நடுவே குறைந்தது 0.02 வித்தியாசம் இருக்க வேண்டும். தொடக்கத்துக்கு 0.49, முடிவுக்கு 0.51 கொடுங்கள். 1 செ.மீ. பெட்டியில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டும் மிஞ்சும்: 0.0002 மீட்டர், அதாவது 0.2 மி.மீ. நல்ல கனமான கடிதத் தாளின் தடிமன். பக்கவாட்டிலிருந்து கேமராவைக் கொண்டுபோய்ப் பாருங்கள், பலகை போய்த் தாள் வந்திருக்கும்.

0.49, 0.51 என்று நடுவில் வெட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தொடக்கம் 0, முடிவு 0.02 என்று கொடுத்தாலும் அதே தடிமன்தான் வரும். ஆனால் மிஞ்சிய வில்லை பெட்டியின் அடியில் போய் உட்காரும், ப்ரிம்மின் மையமோ அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே வெற்றிடத்தில் நிற்கும். சுழற்றினால் தாள் தன் இடத்தில் சுழலாமல் ஒரு சின்ன வட்டமடிக்கும். எண்களைப் பார்த்து இடம் வைக்கும்போதும் அந்த அரை சென்டிமீட்டரை ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டும். நடுவில் வெட்டினால் மையமும் தாளும் ஒரே இடத்தில் இருக்கும். மேசைப் பரப்பின் உயரத்தோடு 0.001 கூட்டி இசட் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது. புத்தகப் பக்கம் மாதிரி ஓரத்தைப் பிடித்துத் திரும்ப வேண்டிய பொருளுக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்குச் சுழலும் ஓரம் எங்கே வருகிறது என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

இந்த ஸ்லைஸ் அமைப்பு எடிட் சாளரத்தில் எப்போதும் இருந்ததில்லை. அது வருவதற்கு முன் நகை செய்பவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ப்ரிம்மைக் கோளமாக மாற்றி, கோளத்துக்கு மட்டும் உரிய டிம்பிள் (மேலும் கீழும் குழி வெட்டும்) எண்களைப் போட்டு, மறுபடி பெட்டியாக மாற்றுவார்கள். டிம்பிள் எண்கள் அழியாமல் உள்ளேயே தங்கி, பெட்டியை வில்லையாக வெட்டிவிடும். பழைய சரக்குகளில் இப்படி மெலிந்து கிடக்கும் பெட்டிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் கதை.

இன்னொரு பழைய வழி ஹாலோவும் (உள்ளே குடைவது) பாத் கட்டும் (சுற்றுவாக்கில் ஒரு பங்கை வெட்டுவது) சேர்ந்தது. பெட்டியை 95 விழுக்காடு குடைந்தால் ஒவ்வொரு பக்கச் சுவருக்கும் மொத்த அகலத்தில் 2.5 விழுக்காடு மிஞ்சும். பாத் கட்டைத் தொடக்கம் 0, முடிவு 0.25 என்று வைத்தால் நாலு சுவரில் ஒன்று மட்டும் நிற்கும். அகலம் 0.01 என்றால் நிற்கிற சுவரின் தடிமன் 0.25 மி.மீ. தட்டையான தாளுக்கு இன்று இது தேவையில்லை, ஸ்லைஸே சுலபம். ஆனால் வளைந்த தாளுக்கு ப்ரிம்மில் இதுதான் எளிய வழி. பெட்டிக்குப் பதில் உருளையை எடுத்துக் குடைந்து பாத் கட் செய்யுங்கள். சுருண்ட ஓலை, பாதி விரிந்த வரைபடம், விளக்கின் மூடி எல்லாம் வந்துவிடும். உருளையில் தடிமன் விட்டத்தைப் பொறுத்தது என்பதை மறக்க வேண்டாம். அரை மீட்டர் விட்டமுள்ள உருளையை 95 விழுக்காடு குடைந்தாலும் சுவர் 1.25 செ.மீ. இருக்கும். இப்போதைய வியூவர்களில் (உலகத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்) 99 விழுக்காடு வரை குடையலாம், அப்போது 2.5 மி.மீ. ஆகும். விளக்கு மூடிக்கு அது போதும்.

வளையல், மூக்குத்தி வளையம் போன்றவற்றுக்கு டோரஸ் என்ற வளைய வடிவப் ப்ரிம். அதில் ஹோல் சைஸ் ஒய் என்ற எண்ணை 0.05 வரை இறக்கலாம். வளையத்தின் உடல் மொத்த விட்டத்தில் 5 விழுக்காடாக மெலியும். 8 செ.மீ. வளையலுக்கு 4 மி.மீ. கம்பி. ஆனால் டோரஸுக்குப் பின்னால் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மெல்லிய பொருள்களைச் செய்து முடித்து இணைத்த பிறகு மொத்தமாகச் சிறிதாக்கப் பார்ப்பீர்கள், ஒரு கட்டத்தில் அசையாது. காரணம், இணைப்பில் உள்ள ஏதோ ஒரு ப்ரிம் 0.01-ஐத் தொட்டிருக்கும், அது ஒன்று தொட்டால் மொத்தக் கூட்டமும் நின்றுவிடும். இதற்கும் ஸ்லைஸ்தான் மருந்து. தாளுக்கு இசட் 0.01 வைப்பதற்குப் பதில் 0.1 வைத்து 0.02 பங்கு வெட்டுங்கள். தடிமன் 2 மி.மீ. வரும், ஆனால் இன்னும் பத்து மடங்கு சுருக்க இடம் இருக்கும். விற்பதற்காகச் செய்யும் பொருள் என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். வாங்குபவர் கட்டாயம் சுருக்கிப் பார்ப்பார்.

அடுத்தது ஓவியம். இதற்கு மெலிவே வேண்டாம் என்பது என் கருத்து. சட்டம் போட்ட ஓவியம் நிஜத்திலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன் உள்ளது. 4 செ.மீ. பெட்டியைச் சுவருக்குள் பாதி புதையுங்கள். முன்பக்கத்தில் படம், ஓரங்களில் மரம். 2 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எந்தத் தூரத்திலும் மின்னாது. மெலிவு தேவைப்படுவது சட்டமில்லாத சுவரொட்டிக்கும், தரையில் ஒட்டும் கோலத்துக்கும், சுவரில் எழுதிய எழுத்துக்கும்தான்.

அங்கேதான் அந்த மின்னல் வருகிறது. இரண்டு பரப்புகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும்போது, எது முன்னால் எது பின்னால் என்று கிராபிக்ஸ் கார்டுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழத்தை ஓர் எண்ணாக அது எழுதிவைக்கிறது. பொதுவாக 24 பிட், அதாவது சுமார் 1 கோடியே 68 லட்சம் படிகள். கேட்க நிறைய. ஆனால் அந்தப் படிகள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பெரும்பகுதி கேமராவுக்கு அருகிலேயே செலவாகிவிடும், தூரம் போகப் போக ஒரு படியின் உயரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். கேமராவுக்கு முன்னால் 10 செ.மீ. தள்ளி வரைதல் தொடங்குகிறது என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 10 மீட்டரில் ஒரு படி 0.06 மி.மீ.; 50 மீட்டரில் 1.5 மி.மீ.; 100 மீட்டரில் 6 மி.மீ. சுவரிலிருந்து 1 மி.மீ. தள்ளி ஒட்டிய சுவரொட்டி அறைக்குள் நிற்பவருக்கு அருமையாகத் தெரிந்து, தெருக்கோடியிலிருந்து பார்ப்பவருக்கு வரிக்குதிரையாகத் தெரிவது இதனால்தான்.

அதனால் எவ்வளவு தள்ளி ஒட்டுவது என்பதைப் பார்ப்பவரின் தூரம்தான் முடிவு செய்ய வேண்டும். மூடிய அறைக்குள் என்றால் 1 மி.மீ. தாராளம். வெளிச்சுவரில், சதுக்கத்துக்கு அப்பாலிருந்தும் தெரியும் பலகை என்றால் 1 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளுங்கள். அந்தத் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. இன்னொன்று, தாளின் தடிமன் இந்தக் கணக்குக்குள் வராது. 0.2 மி.மீ. தாளின் முன்பக்கமும் பின்பக்கமும் அதே ஆழச் சண்டையைப் போடுமோ என்று பயப்பட வேண்டாம். நமக்கு முதுகு காட்டும் பக்கத்தை வியூவர் வரைவதே இல்லை. சண்டை வருவது தாளுக்கும் அதற்குப் பின்னால் உள்ள சுவருக்கும்தான்.

ஆழப் படிகளைத் தவிர இடத்தின் துல்லியம் என்று ஒன்றும் இருக்கிறது, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பொருள்களின் இருப்பிடம் 32 பிட் தசம எண்ணாகத்தான் வைக்கப்படுகிறது. அதில் துல்லியத்துக்குக் கிடைப்பது 24 பிட். எண் பெரிதானால் துல்லியம் குறையும். 256 மீட்டர் ரீஜனுக்குள் (உலகத்தின் ஒரு நிலச்சதுரம்) தரைமட்டத்தில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே உள்ள படி அதிகபட்சம் 0.015 மி.மீ., கவலையே இல்லை. ஆனால் வானத்தில் வீடு கட்டுவது இங்கே பழக்கம், 4096 மீட்டர் வரை கட்டலாம். 2048-க்கு மேல் போனால் உயரத்தில் ஒரு படி 0.24 மி.மீ. ஆகிவிடும். 0.2 மி.மீ. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு, கீழே ஒழுங்காக இருந்தது, 3500 மீட்டரில் தாறுமாறாகிறது என்றால் உங்கள் கைத்தவறு இல்லை. அந்த உயரத்தில் அந்த இடைவெளிக்கு எண்ணே கிடையாது. வானவீட்டில் அடுக்கு வேலைக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

சுவரொட்டிக்கு இன்னொரு வழி, தனிப்பொருளே வைக்காமல் இருப்பது. சுவரை அந்த இடத்தில் துண்டாகப் பிரித்து, அந்தத் துண்டின் முகத்திலேயே சுவர் நிறத்தோடு சேர்த்து வரைந்த படத்தைப் போடுங்கள். பூஜ்யத் தடிமன், பூஜ்யச் சண்டை. அடிக்கடி மாற்றாத எழுத்துகளுக்கு நான் இதைத்தான் விரும்புவேன்.

ஒரு முகத்தை மட்டும் காட்டும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1 செ.மீ. பெட்டியை எடுத்து, செலக்ட் ஃபேஸ் வைத்து ஐந்து முகங்களுக்கு ஒளிபுகுதலை 100 ஆக்கிவிட்டு ஒன்றில் மட்டும் படத்தை விடுங்கள். விளிம்பே இல்லாத தாள். பின்பக்கமிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சுவரொட்டிக்கு அது குறை அல்ல. மறைந்த முகங்கள் எங்கே போயின என்று குழம்பினால் கண்ட்ரோல், ஆல்ட், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், ஒளிபுகும் பரப்புகள் எல்லாம் சிவப்பாகத் தெரியும்.

இப்போது ஒயர். இங்கே மெலிவை விரட்டிக்கொண்டு போகாதீர்கள், பலன் கிடையாது. சின்னக் கணக்கு: 1080 புள்ளி உயரத் திரை, கேமராவின் செங்குத்துப் பார்வை 60 டிகிரி. 10 மீட்டர் தூரத்தில் திரை முழுக்க 11.5 மீட்டர் உயரம் தெரியும். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 1.07 செ.மீ. ஆகவே நீங்கள் தடிமன் என்று வெறுக்கும் அந்த 1 செ.மீ. ஒயர் 10 மீட்டரில் ஒரு புள்ளிகூட இல்லை. 3 மி.மீ. ஒயர் செய்தால் 3 மீட்டர் தாண்டுவதற்குள் ஒரு புள்ளிக்குக் கீழே போய்விடும். ஒரு புள்ளிக்குக் கீழே போன பொருளை வரைவதா விடுவதா என்று கணினி ஒவ்வொரு கட்டத்திலும் வேறுவேறாக முடிவு செய்யும். ஒயர் விட்டுவிட்டுத் தெரியும், கேமரா நகர்ந்தால் எறும்பு ஊர்வது போல நெளியும். ஓரங்களை மழுப்பும் ஆன்டி அலையாசிங் போட்டால் குறையும், போகாது. எல்லோரும் அதைப் போட்டு வைத்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது.

என் யோசனை: விளக்கு ஒயருக்கு 0.01 அகலத்தில் சாதாரண ப்ரிம்மே வைத்துவிடுங்கள், உருளைக்குப் பதிலாக முக்கோணப் பட்டகம் போதும். நிறத்தை மட்டும் பின்னணிக்கு நெருக்கமாக எடுங்கள். வெள்ளைக் கூரைக்குக் கீழே கறுப்பு ஒயர் கண்ணைக் குத்தும், நெளிவதும் தெரியும். சாம்பல் ஒயர் தானே மெலிந்தது போலத் தோன்றும். கண்ணை ஏமாற்ற நிறம் செய்கிற வேலையை அளவு செய்யாது.

தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து போகும் கம்பிகள், வேலி வலை, ஏணிக்கயிறு போன்றவை வேறு ரகம். அவற்றை ஒளிபுகும் டெக்ஸ்ச்சரில் (பரப்பில் ஒட்டும் படத்தில்) வரைந்து தட்டையான தாளில் ஒட்டுவதுதான் முறை. தூரம் கூடக்கூட வியூவர் டெக்ஸ்ச்சரின் சிறிய பிரதிகளுக்கு மாறும், கோடு மெல்ல மங்கிக் கரையும், விட்டுவிட்டு மின்னாது. ஒரு எச்சரிக்கை: 512 புள்ளி டெக்ஸ்ச்சரில் கம்பியை ஒரு புள்ளி அகலத்தில் வரைந்தால் இரண்டாவது பிரதியிலேயே காணாமல் போய்விடும். நாலைந்து புள்ளி அகலம் கொடுங்கள், தாளின் அளவைக் குறைத்துச் சரிக்கட்டுங்கள். பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பார்கள் என்றால் இரண்டு தாள்களைக் குறுக்காக வைக்க வேண்டும்.

ஒளிபுகும் டெக்ஸ்ச்சர் என்றதும் இரண்டு தொல்லைகள் கூடவே வரும். முதலாவது, வரைந்த இலையைச் சுற்றியோ எழுத்தைச் சுற்றியோ ஒரு வெள்ளை ஓரம். காரணம் எளிது. முழுக்க மறைந்த புள்ளிகளுக்கும் ஒரு நிறம் உண்டு, பெரும்பாலான வரைகலை மென்பொருள்களில் அது வெள்ளை. டெக்ஸ்ச்சர் சிறிதாகும்போது பக்கத்துப் புள்ளிகள் கலக்கும், அந்த வெள்ளை கசிந்து ஓரத்துக்கு வரும். பின்னணி அடுக்கு முழுவதையும் இலையின் பச்சையாலேயே நிரப்பிவிட்டு, வடிவத்தை ஆல்பா சேனலில் (ஒளிபுகும் அளவைச் சொல்லும் அடுக்கில்) மட்டும் வெட்டினால் ஓரம் போய்விடும். இரண்டாவது, ஒளிபுகும் தாள்கள் இரண்டு அருகருகே இருந்தால் எது முன்னால் என்பது கேமரா அசைய அசைய மாறும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் திரை வைத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும்: திடீரென்று திரை கண்ணாடிக்கு முன்னால் குதித்து வந்துவிடும். இது ஆழ எண்ணின் கோளாறு இல்லை. பாதி ஒளிபுகும் பரப்புகளை வியூவர் தூரத்தை வைத்து வரிசைப்படுத்தி வரைகிறது, அந்த வரிசை குழம்புகிறது. திரையின் டெக்ஸ்ச்சர் பகுதியில் ஆல்பா முறையை மாஸ்கிங் என்று மாற்றுங்கள். அதில் ஒரு புள்ளி முழுதாக இருக்கும் அல்லது இல்லாமலே போகும், நடுநிலை கிடையாது. அதனால் வரிசைப் பிரச்சினையும் கிடையாது. சல்லடைத் துணி, சரிகை, இலை, முடி, வலை எல்லாவற்றுக்கும் மாஸ்கிங்தான் பொருத்தம். பாதி ஒளிபுக விடும் பிளெண்டிங் முறை கண்ணாடிக்கும் புகைக்கும் மட்டும் இருக்கட்டும்.

திரை அசைய வேண்டும் என்றால் காற்றில் வளைந்தாடும் ஃப்ளெக்ஸி ப்ரிம் இருக்கிறது. இசட் நீளவாக்கில் தொங்கும் மெல்லிய பெட்டியில் அந்தத் தேர்வைப் போட்டு, காற்றுக்கும் இறுக்கத்துக்கும் எண் கொடுத்தால் போதும். அது ஆளைத் தடுக்காது, ஊடே நடக்கலாம். திரைக்கு அதுதானே வேண்டும்.

மெஷ், அதாவது வெளி மென்பொருளில் முக்கோணங்களால் செய்து ஏற்றும் முப்பரிமாண வடிவம், செய்யத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம். 2011-இல் செகண்ட் லைஃபுக்குள் மெஷ் வந்த பிறகு, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரே ஒரு தட்டையான சதுரத்தை வரைந்து ஏற்றிவிடலாம். அதற்குத் தடிமனே கிடையாது. எடிட் சாளரத்தில் 0.01 என்று எழுதியிருந்தாலும் அது சுற்றுப்பெட்டியின் (பொருளைச் சுற்றி நிற்கும் கற்பனைப் பெட்டியின்) கணக்கு, கண்ணுக்குத் தெரிவது வெறும் பரப்பு. ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும் என்பதைக் கவனியுங்கள். மறுபக்கமும் வேண்டுமானால் அதே சதுரத்தை நகலெடுத்துத் திருப்பி வைத்துச் சேர்த்து ஏற்றுங்கள். ஜிஎல்டிஎஃப் மெட்டீரியல் என்ற பரப்பு அமைப்பில் இருபக்கமும் காட்டும் தேர்வு உண்டு, ஆனால் நகலெடுத்துத் திருப்பிய மெஷ்ஷில் இரு பக்கத்துக்கும் வேறுவேறு படம் போடலாம். கடிதத்துக்கு அது தேவைப்படும்.

மெஷ்ஷிலும் சுருக்கும் தொல்லை உண்டு, சுற்றுப்பெட்டியின் ஏதோ ஒரு பக்கம் 0.01-ஐத் தொட்டதும் நின்றுவிடும். இதற்கு ஒரு தந்திரம் செய்வார்கள். தாளுக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய முக்கோணம் ஒன்றை அதே மெஷ்ஷில் சேர்த்துவிட்டால் சுற்றுப்பெட்டி பெரிதாகிவிடும். நிஜத் தாளை எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கலாம். மூக்குத்திக் கல், கைக்கடிகார முள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. இன்னொரு எச்சரிக்கை: ஏற்றும்போது தூரத்துக்கான எளிய வடிவங்களை வியூவரே தானாகச் செய்ய விடாதீர்கள். முக்கோணங்களைக் குறைக்கும்போது மெல்லிய பட்டைகள்தான் முதல் பலி. நாலடி தள்ளிப் போனால் நாற்காலியின் கால் ஒன்று காணாமல் போகும். மெல்லிய உறுப்புகளுக்குத் தூர வடிவங்களைக் கையால் செய்துகொடுங்கள்.

கடைசியாகத் தடுப்புச் சுவர். கண்ணுக்கு மெல்லியதாக இருக்கும் சுவர் உடம்புக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பௌதிகக் கணக்கு வினாடிக்கு 45 முறைதான் நடக்கிறது. வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் பொருள் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே ஒரு மீட்டர் தாவிவிடும், 1 செ.மீ. சுவர் அந்தத் தாவலுக்குள்ளே காணாமல் போக இடமுண்டு. நடந்து வருபவரை அது தடுத்துவிடும், வண்டி ஓடும் இடத்திலும் துப்பாக்கி விளையாட்டு நடக்கும் இடத்திலும் நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் மெல்லிய சுவருக்குப் பின்னால், ஆள் நடமாடாத பக்கமாக, முழுக்க ஒளிபுகும் தடித்த பெட்டி ஒன்றை ஒளித்து வையுங்கள்.

வாசல் வைத்த மெல்லிய சுவரை மெஷ்ஷில் செய்கிறவர்களுக்கு ஒரு பிரசித்தமான பொறி இருக்கிறது. பௌதிக வடிவத்தை (மோதலுக்கு மட்டும் கணக்கில் வரும் வடிவம்) முக்கோணங்களாகவே ஏற்றி, ப்ரிம் வகை என்று சரியாகத்தான் வைத்திருப்பீர்கள். ஆனால் வாசலில் நுழைந்தால் கண்ணாடியில் மோதியது போல நிற்பீர்கள். அப்படி ஏற்றிய மெஷ்ஷின் ஏதாவது ஒரு பக்கம் அரை மீட்டருக்குக் குறைவாக இருந்தால், உலகம் அதைச் சத்தமில்லாமல் குவிவடிவமாக (கான்வெக்ஸ் ஹல், குழியும் துளையும் இல்லாமல் சுற்றி மூடிய வடிவம்) கருதிவிடும். குவிவடிவத்தில் வாசல் மூடப்பட்டுவிடும். இரண்டு தீர்வுகள். சுவரை வாசலுக்கு இடம், வலம், மேல் என்று மூன்று பெட்டிகளாகப் பௌதிக வடிவத்தில் வரைந்து, ஏற்றும்போது அனலைஸ் பொத்தானை அழுத்துங்கள். அப்படி ஏற்றியதற்கு இந்த அரை மீட்டர் விதி பொருந்தாது. அல்லது மெஷ்ஷைப் பார்வைக்கு மட்டும் வைத்து, தடுக்கும் வேலையை மூன்று ஒளிபுகும் ப்ரிம்களுக்குக் கொடுங்கள்.

கடிதத்தையும் சுவரொட்டியையும் மேசையோடு இணைத்தால் அவற்றின் பௌதிக வடிவத்தை நன் (None, ஒன்றுமில்லை) என்று வைக்கலாம். தாளில் கால் தடுக்காது. இணைப்பின் தலைமைப் ப்ரிம்முக்கு மட்டும் இந்தத் தேர்வு கிடைக்காது, எனவே மேசையைத் தலைமையாக வையுங்கள். மேலே டோரஸுக்கு ஒரு செலவு ஒளிந்திருக்கிறது என்றேனே, அது இங்கேதான் வெளிவரும். ஒரு ப்ரிம்முக்காவது வடிவ வகையை மாற்றினீர்கள் என்றால், அல்லது ஒரு மெஷ்ஷை இணைத்தீர்கள் என்றால், மொத்த இணைப்பும் புதிய லேண்ட் இம்பாக்ட் கணக்குக்கு, அதாவது மனையின் கொள்ளளவில் பொருள் எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்குக்கு, மாறிவிடும். சாதாரணப் பெட்டிகளுக்கு அது லாபம், ஒன்றுக்கு அரை என்று குறையும். குடைந்து வெட்டிய டோரஸும் உருளையும் ப்ரிம் வகையிலேயே இருந்தால் அவற்றின் பௌதிக எடை தாறுமாறாக ஏறி, ஐந்து இருந்த இடத்தில் நூறு நிற்கும். அவற்றை நன் அல்லது கான்வெக்ஸ் ஹல் ஆக்கியதும் இறங்கிவிடும். இணைப்பதற்கு முன் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, எடிட் சாளரத்தில் அந்த எண்ணைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மனையில் இடம் போதாமல் மொத்தப் படிப்பறையும் இன்வென்டரிக்குத் திரும்பிப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.